மேற்கே திரும்பினால் போதும்

200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் சைக்கிளில் முடிக்கும் பயணங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எனக்கு ஆந்திராவின் புத்தூரிலிருந்து மேற்கே பிரியும் கார்வேட்டிநகரம் சாலைதான் நினைவுக்கு வருகிறது. திருப்பதி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கியே பாதி உயிர் போகிறவர்கள் இங்கே வரவேண்டும். தொடை லேசாகக் கனக்கும்போதுதான் ஏற்றம் என்றே தெரியும். கியரைக் குறைத்தால் போதும், அடுத்த வளைவில் சைக்கிள் மிதிக்காமலே இறங்கும். மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைக்குப் போகும் கிளிமூக்கு மாங்காய் டிராக்டர் முன்னால் போனால், காம்புப் பாலின் வாசனை முகத்திலேயே அடிக்கும். கார்வேட்டிநகரத்தில் ஜமீன் காலத்து ஸ்கந்த புஷ்கரணிக் குளத்தைப் பார்த்துவிட்டு, பள்ளிப்பட்டு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கிவிடலாம். இந்தச் சாலையை அகலப்படுத்த வேண்டாம். தார் விளிம்பு உடைந்து பள்ளமாகாமல் இரண்டு மாநிலத்தாரும் பார்த்துக்கொள்ளட்டும்.