ஹெரால்டு ஓடட்டும், விடுங்க

பழைய கார்னு பேச்சு வந்தாலே நம்ம பசங்களுக்கு ஃபோர்டு மஸ்டாங்தான் ஞாபகம் வரும். 1964ல வந்த வண்டி. நீள மூக்கு, எட்டு சிலிண்டர், தெருவே அதிர்ற உறுமல். எனக்கும் ஆசைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதைக் கொண்டுவந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுல ஒரு தடவை திருப்பச் சொல்லுங்க பார்ப்போம். ரெண்டு ஆட்டோவும் ஒரு இளநி வண்டியும் அடி வாங்காம திரும்பாது :-)

எங்க தெருவுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு கார் இருக்கு. எங்க பெரியப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969 மாடல், நாலு கதவு.

ஹெரால்டைப் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. இங்கிலாந்துல 1959ல ட்ரையம்ஃப் ஹெரால்டா பிறந்த வண்டி. உடம்பை வரைஞ்சவர் மிக்கலோட்டிங்கற இத்தாலிக்காரர். இதே சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962ல ஸ்பிட்ஃபயர்ங்கற ஸ்போர்ட்ஸ் காரைச் செஞ்சாங்க. அதனால எங்க வண்டியை ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு தாராளமா சொல்லிக்கலாம். இங்கே மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961லேர்ந்து இதைச் செஞ்சது. வண்டலூர் பக்கம் ஃபேக்டரி. நாலு கதவு வச்ச ஹெரால்டு இந்தியாவுல மட்டும்தான் வந்தது. அப்புறம் கெஸல், 1985ல ஸ்டாண்டர்டு 2000. 1988ல கம்பெனியையே இழுத்து மூடியாச்சு.

948 சிசி இன்ஜின். வேகம்னு பெருசா எதுவும் கிடையாது. ஆனா 25 அடி வட்டத்துல திரும்பிடும். லண்டன் டாக்சிக்குச் சட்டமே போட்டு வச்சிருக்கிற அளவு அது. மாட வீதியில அம்பாசடர் முன்னாடி பின்னாடின்னு மூணு தடவை போய்த் திரும்புற இடத்துல, பெரியப்பா ஒரே மூச்சுல திருப்பிட்டுப் போயிட்டே இருப்பார். பானெட்டைத் திறந்தா ரெண்டு பக்க மட்கார்டோட சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கம் சாயும். மெக்கானிக் பாய் டயர் மேலேயே திண்ணை மாதிரி உட்கார்ந்துக்கிட்டு வேலை பார்ப்பார்.

லைசென்ஸ் வாங்கினதுலேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில வண்டி என் கைக்கு வருது. சோக்கை இழுக்கணும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சங்கொஞ்சமா உள்ளே தள்ளணும். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுசா நிக்காம போட்டா 'கர்ர்'னு திட்டும். பவர் ஸ்டியரிங் இல்ல, ஏசி இல்ல. குவார்ட்டர் கிளாஸைத் திருப்பி விட்டா போதும், பீச் ரோட்டுல கடல்காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். ஐஸ் ஹவுஸ் தாண்டி லைட் ஹவுஸ் வரைக்கும் நாப்பதுல ஒரு ரவுண்டு. சிக்னல்ல பக்கத்து ஆட்டோ அண்ணன் "இன்னா மாடல் தம்பி?"ன்னு கேப்பார். எங்க அப்பா வச்சிருந்தார்னு ஒரு பெரியவர் ஆரம்பிப்பார், பச்சை விழுந்தப்புறமும் முடிக்க மாட்டார். புது கார்ல போனா இந்த ஊர்ல யார் யார்கிட்ட பேசறாங்க, சொல்லுங்க?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பதிவைப் புதுப்பிக்கற நேரம் வந்திருக்கு. வீட்டுல ரெண்டு கட்சி.

2021 ஜூலையில மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அம்பது வருஷம் தாண்டின, பெருசா மாத்தி அமைக்காத வண்டியை 'விண்டேஜ்'னு பதிவு பண்ணிக்கலாம். 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கேக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கூடவே ஒரு நிபந்தனை. அந்த வண்டியை வழக்கமா ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடறது, இதுக்கெல்லாம் மட்டும் எடுக்கலாம். பெட்ரோல் போட்டுட்டு வர்ற வழியில ரத்னா கபேயில ஒரு காபி குடிச்சா அது எந்தக் கணக்குல வரும்னு விதியில இல்ல :-)

இன்னொரு வழி, சாதாரணப் பதிவையே அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கறது. ஒவ்வொரு தடவையும் தகுதிச் சோதனை உண்டு. 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025ல இருபது வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ஆச்சு.

அண்ணன் விண்டேஜ் கட்சி. "கௌரவமா ஷெட்ல நிக்கட்டும், எதுக்கு அலைச்சல்?" நான் எதிர்க்கட்சி. நிக்கற கார் கௌரவமா நிக்காது, சாகும். பேட்டரி இறங்கும், கார்புரேட்டர்ல பெட்ரோல் பிசினாகும், பிரேக் சிலிண்டர் இறுகிடும், டயர் ஒரே பக்கம் சப்பையாகும். ஓடற வண்டிதான் பிழைக்கும். அதோட சேர்ந்து இன்னும் சில பேரும் பிழைப்பாங்க. புதுப்பேட்டையிலயும் ஜி.பி. ரோட்டுலயும் இதுக்கு ஏத்த சாமானைத் தேடி எடுத்துக் குடுக்கறவர், இல்லைன்னா கடைசல்ல செஞ்சு குடுக்கறவர், காதாலேயே டைமிங் கண்டுபிடிக்கிற பாய். வண்டி நின்னா அந்தக் கைத்தொழிலும் நின்னுடும்.

எதிர்ப்பக்கம் ஞாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். புகை அதிகம். டிரம் பிரேக். ஏர்பேக் கிடையாது. வேகமா வளைச்சா பின்சக்கரம் உள்ளே மடங்கற குணமும் இதுக்கு உண்டு. இப்போ வர்ற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காதுன்னு எல்லாத்தையும் மாத்த வேண்டியிருந்தது. தினம் ஆபீசுக்கு இதுல போகணும்னு நானும் சொல்லல. ஆனா வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர்னு ஒரு வரம்பு வச்சு, பிரேக்கையும் புகையையும் கறாரா சோதிச்சு, ஓட்ட விட்டா என்ன குறைஞ்சுடும்? ஒரேயடியா ஓட்டாதேங்கறதும், கட்டணத்தை ஏத்தி ஏத்தி அலுத்துப் போக வைக்கறதும்தான் ரெண்டே வழியா?

முடிவு பெரியப்பா கையில. அவருக்கு எழுபத்தஞ்சு ஆகுது, முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியல. போன வாரம் ரெண்டு கட்சியும் கத்தி முடிச்சதும் சாவியை என்கிட்ட நீட்டினார். "பத்தாயிரத்தைக் கட்டிடு. காசு போனா போகட்டும். ஆனா ஒண்ணு, ஞாயித்துக்கிழமை என்னையும் ஏத்திண்டு போகணும்."

அவ்வளவுதான் வேணும். அவரும் நானும், நாப்பது கிலோமீட்டர் வேகம், கடல்காத்து. மஸ்டாங் வச்சிருக்கறவங்க வச்சிக்கட்டும்.