எண்ணூர் ஒண்ணும் காலி மனை இல்லீங்க

மக்களே, கொஞ்சம் சூடான பதிவு. பக்கத்துல மோர் வெச்சுக்கிட்டு படிங்க.

ஆபீஸ் கேன்டீன்ல எண்ணூர் பேச்சு வந்தா ஒருத்தர் கண்டிப்பா சொல்வார்: "கரண்ட் வேணும், துறைமுகம் வேணும். எங்கயாவது வெச்சுத்தானே ஆகணும் பாஸ்?" கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்த 'எங்கயாவது' மட்டும் எப்பவும் ஏன் எண்ணூராவே இருக்கு? சோழிங்கநல்லூர்ல ஒரு சாம்பல் குட்டை கட்டலாம்னு சொல்லிப் பாருங்க, அதே ஆள் அன்னிக்கு சாயங்காலமே மெழுகுவர்த்தியோட தெருவுல நிப்பார். (நானும் ஓ.எம்.ஆர்ல ஏ.சி.ல உக்காந்துதான் கோட் அடிக்கிறேன், அதனால தைரியமா சொல்றேன்.)

கணக்கைப் பாருங்க. மணலியில 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970ல எண்ணூர் அனல் மின் நிலையம் (2017ல மூடிட்டாங்க). 2001ல நிலக்கரி இறக்க ஒரு துறைமுகம். அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம் மூணு கட்டமா 630, 1,200, அப்புறம் 2024ல திறந்த 800. வல்லூர்ல 1,500. கூட்டினா 4,130 மெகாவாட். இது பத்தாதுன்னு 1,320 மெகாவாட்டுக்கு இன்னொரு திட்டம், மூடின பழைய நிலையத்தை ஒட்டி 660க்கு ஒரு விரிவாக்கம். அந்த 660க்கு 2024 டிசம்பர்ல கருத்துக்கேட்புக் கூட்டம் வெச்சாங்க, ஜனங்க போய் வேண்டாம்னு சொன்னாங்க.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, இங்க ஒவ்வொரு மாட்யூலும் யூனிட் டெஸ்ட் பாஸ். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியா சுற்றுச்சூழல் அறிக்கை, "பாதிப்பு வரம்புக்குள்தான்" அப்படின்னு. (அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தோம்னு சம்பிரதாயத்துக்கு ஒரு அத்தியாயமும் இருக்கும்.) எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டினா சிஸ்டம் தாங்குமான்னு டெஸ்ட் பண்றது யாரு? 2009ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒட்டுமொத்தமா மார்க் போட்டுச்சு. 70 தாண்டினாலே படுமோசம். மணலி வாங்கினது 76.32. அதுக்கப்புறமும் 'டெப்ளாய்' நிக்கலை.

சரி, நிலத்துக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம் எண்ணூர் கழிமுகம். பூண்டி ஏரி நிரம்பித் திறந்து விட்டா தண்ணி இந்த வழியாத்தான் போயாகணும். 2021 நவம்பர்ல பூண்டி உபரி நீர் வந்து மணலி புதுநகர் முங்கினது ஞாபகம் இருக்கா? அந்தக் கழிமுகத்துலதான் சாம்பல் படிஞ்சு கிடக்கு, உப்பங்கழியில மண்ணைக் கொட்டி மேடாக்கியிருக்காங்க. இதுல உச்சகட்டக் காமெடி, 1996ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்துல இருக்கிற கழிமுகம், பின்னாடி வந்த இன்னொரு வரைபடத்துல காணோம்னு 2017ல பெரிய சர்ச்சையே ஆச்சு. வடிவேலு கிணறு காணாமப் போச்சுன்னு போலீஸ்கிட்ட போவாரே, அதே கதை. இங்க காணாமப் போனது ஆயிரக்கணக்கான ஏக்கர் தண்ணி.

ஆக, திட்டம் போடறவங்க கண்ணுக்கு தண்ணின்னா காலி நிலம். அதுல இறாலும் நண்டும் மடவையும் பிடிச்சு சோறு தின்றவங்க அந்த வரைபடத்துல எந்தக் கலர்லயும் வர மாட்டாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியிலேர்ந்து எண்ணெய் வந்து ஆத்துல பரவினது. படகு, வலை எல்லாம் கறுப்பு. அதே மாசம் 26ஆம் தேதி நடுராத்திரி, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில வர்ற குழாயிலேர்ந்து அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பத்து ஜனங்க மூச்சு முட்டி ரோட்டுல ஓடினாங்க. ஒரே மாசத்துல ரெண்டு!

"அப்ப தொழிற்சாலையே வேண்டாமா?" அப்படின்னு கும்ம வர்றவங்களுக்கு: எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் வந்தது 1948ல. திருவொற்றியூர்ல என்ஃபீல்டு 1955ல. அந்தச் சம்பளத்துல பசங்களை இன்ஜினியரிங் படிக்க வெச்ச குடும்பங்க இந்தப் பக்கம் எக்கச்சக்கம். லேத் பட்டறை இருக்கிற ஒரு ஏக்கரும், சாம்பல் கொட்டுற ஒரு ஏக்கரும் ஒண்ணா? ஏக்கருக்கு எத்தனை பேருக்கு வேலைன்னு கணக்கு போட்டுட்டு 'வளர்ச்சி'ன்னு பேசுங்க சாமி.

இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008ல வந்தது, 2026 வரைக்கும். அடுத்தது 2046 வரைக்குமானது. நடுவுல 2022ல பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 5,904க்கு நீட்டியாச்சு. இவ்ளோ பெரிய மேப்ல கழிமுகத்தையும் உப்பங்கழியையும் 'நீர்நிலை'ன்னு ஒரு நீலக்கலர் அடிக்கணும். மொத்தச் சுமை எவ்வளவுன்னு அளந்து சொல்ற வரைக்கும் புதுசா ஒரு புகைபோக்கிகூட கூடாது. விம்கோ நகரோட நின்னுபோன மெட்ரோவை எண்ணூருக்குக் கொண்டாங்க, இங்கயும் ஆபீஸ் வரட்டும்.

முடியாதுன்னா, அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஓ.எம்.ஆர்ல வைங்க. கரண்ட் வாங்கறவங்களும் வந்து கருத்து சொல்லட்டும்.