கோடையில் காவல் யார்?

நம் சங்கத்து நண்பர் சிலர் விடுதித் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைக்க எண்ணியிருக்கின்றனர். நல்ல எண்ணந்தான், வரவேற்கிறேன். ஆயினும் பெட்டி வாங்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கோடையில் காவல் யார்?

1962இல் காங்கிராப் பள்ளத்தாக்கின் நக்ரோட்டாவில் இத்தாலியத் தேனீ நிலைபெற்றது. நாம் வாழும் இவ்வடநாட்டுச் சமவெளியில் இன்று பெட்டிகளில் பெரிதும் வளர்வது அதுவே. மார்கழி முதல் மாசி வரை கடுகு பூத்துக் குலுங்கும். அப்போது தேனடை நிரம்பும்; வேடிக்கை பார்க்க ஆளும் நிரம்புவர். வைகாசி பிறந்தாலோ வயலில் பூ அருகும். வெயில் தீயாய்க் காயும். பின்னே மழை வரும். குளவியும் மெழுகுப் பூச்சியும் வரும். இதனையே தொழிலாகக் கொண்டோர் பெட்டிகளை லாரியிலேற்றிப் பூவுள்ள இடம் தேடிப் போவர். நாமோ விடுமுறையென்று ரயிலேறி விடுவோம்!

ஆகவே என் கருத்து இது. இறுதியாகத் தேனெடுக்கும்போது முழுவதையும் வழித்தெடுத்தல் கூடாது. தேனீக்களின் உணவுக்கென ஒரு பங்கு விடவேண்டும். விடுமுறையிலும் இங்கே தங்குவோர் இருவர் பொறுப்பேற்க வேண்டும். பெட்டிக்கு நிழலும் அருகில் நீரும் அமைத்து, வாயிலைச் சுருக்கி, தேன் குறைந்தால் சர்க்கரையும் நீரும் சம எடையில் கலந்த பாகினை மாலையில் வைக்கவேண்டும்.

அவ்விருவர் கிடைக்காவிடில் பெட்டியே வேண்டாம் என்பேன். தேன் உண்ண நூறு பேர் வருவர், அது பெரிதன்று. காவலர் இருவரின் பெயரை முதலில் செயலாளரிடம் கொடுங்கள். பெட்டிக்கு என் பங்குப் பணத்தை அன்றே தருகிறேன்.