வேலைக்காரன் கதாநாயகன், ஜனங்கள் எங்கே?

கொரிய மக்களின் பழைய காதல் கதை சுன்ஹியாங்கின் கதை. 2010-ல் டைரக்டர் கிம் டேவூ அதைத் தலைகீழாக்கி 'பாங்ஜாவின் கதை' என்று படமெடுத்தார். இதில் சுன்ஹியாங்கின் காதலன் அதிகாரியின் மகன் மோங்ரியோங் அல்ல. அவனுடைய எடுபிடி பாங்ஜா! உழைப்பவன் கதாநாயகனாகிவிட்டான், இது முற்போக்கல்லவா என்று கேட்கலாம்.

அல்ல என்கிறோம் நாம்.

மூலக் கதையில் சுன்ஹியாங், கிசேங் என்ற தாசியின் மகள். தாய் தாசியானால் மகளும் தாசியே என்பது அன்றைய வழக்கம். நாம்வோனுக்குப் புதிதாக வந்த அதிகாரி பியோன் ஹாக்டோ அந்த உரிமையில்தான் அவளைக் கூப்பிடுகிறான். அவள் மறுக்கிறாள். தடியடி விழுகிறது, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பதில் பாடுகிறாள்! பிச்சைக்காரன் வேஷத்தில் திரும்பும் மோங்ரியோங், குடிகளின் ரத்தத்தில் நடக்கும் விருந்து இது என்று அதிகாரியின் பந்தியிலேயே கவி எழுதி வைக்கிறான். சந்தைகளில் பான்சோரிப் பாடகர்கள் பாட, ஏழை ஜனங்கள் கேட்டு வளர்த்த கதை இது.

படத்தில் நடப்பதென்ன? பாங்ஜா ஒரு கிழவனிடம் பெண்ணை மயக்கும் வித்தை கற்கிறான். சுன்ஹியாங்கின் எதிர்ப்போ, பேரும் புகழும் தேடி மோங்ரியோங்கோடு சேர்ந்து போட்ட நாடகமாகிறது!

மூலக் கதைக்கும் குறை உண்டு. அதில் விடுதலை அரசன் அனுப்பிய ரகசிய அதிகாரியின் கையால் வருகிறது. அதைத் திருத்தியிருந்தால் பாராட்டியிருப்போம். படமோ குறையை விட்டுவிட்டு, நெஞ்சை அறுத்தெறிந்தது. வேலைக்காரனுக்கு முதலிடம் தந்து, அடிபட்டவளைப் பொய்க்காரியாக்குவது முற்போக்கல்ல; பழைய எஜமானர்களுக்குச் செய்யும் புதிய சேவகம்!