அம்மன் கிடக்கும் பட்டினி



விரதம் என்றால் நமக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். மனிதன் பட்டினி கிடப்பான், சாமி வரம் கொடுக்கும். ஆனால் நம்ம திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டி, சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற சமயபுரத்தில் இந்தக் கணக்கே தலைகீழ். அங்கே மக்களுக்காக மாரியம்மன் பட்டினி கிடக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக 28 நாள்!

நம்மில் பாதிப் பேர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் நடக்கும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் கூடை கூடையாகப் பூ சுமந்து நடந்தே வருவார்கள். அன்றைக்கு அம்மன் விரதம் தொடங்குகிறாள். பங்குனி கடைசி ஞாயிறு வரைக்கும் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. சர்க்கரைப் பொங்கல் இல்லை, புளியோதரை இல்லை. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர், பழம், அவ்வளவுதான். துள்ளுமாவு என்பது ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்துப் பிசைவது. அடுப்பு ஏறாத உணவு. இதற்குப் பெயர் பச்சைப் பட்டினி விரதம். விரதம் முடிந்த பிறகுதான் சித்திரைத் திருவிழாவும் தேரும்.

ஏன் இந்தப் பட்டினி? உலக மக்கள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மன் தானே ஏற்றுக்கொண்ட விரதம் என்பது ஐதீகம். மாசி, பங்குனி என்றால் வெயில் ஏறுகிற காலம். அந்தக் காலத்தில் அம்மை வருகிற காலமும் அதுதான். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளியாள் உள்ளே வர மாட்டான், படுத்திருப்பவருக்கு இளநீரும் மோரும் கொடுப்பார்கள். அம்மனுக்கு இந்த 28 நாள் படைப்பதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய நோயாளியின் சாப்பாடுதான் அவள் சாப்பாடும். ஊரில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது தாய் தனக்கு விருந்து கேட்க மாட்டாள் என்று நம் ஜனங்கள் நினைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் வகுப்பில் பெரியார் புத்தகங்கள் படிக்கிற நண்பன் ஒருவன் இருக்கிறான். "சிலைக்கு ஏதுடா பசி? பெரியம்மையை ஒழிச்சது ஊசிதானே?" என்று கேட்பான். நியாயமான கேள்வி. இந்தியாவில் பெரியம்மை 1975-லேயே அடங்கிவிட்டது. உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசிதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நான் பேச வந்தது சிலைக்குப் பசிக்குமா என்பது அல்ல. ஒரு தெய்வம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த ஜனங்கள் நினைத்தார்கள் என்பதுதான். காக்கிற இடத்தில் இருப்பவள் முதலில் தன் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்கள். இது சாமி கும்பிடுகிறவனுக்கும் பொருந்தும், கும்பிடாதவனுக்கும் பொருந்தும்.

சரி, இந்த 28 நாளும் நமக்கு எப்படிப்பட்ட நாட்கள்? ஏப்ரல் பரீட்சை நெருங்குகிற நாட்கள்! "அரியர் எல்லாம் கிளியர் ஆயிட்டா மஞ்சத்துணி கட்டி நடந்தே வர்றேன் தாயே" என்று வேண்டுகிற கூட்டம் நம் கேம்பஸிலேயே உண்டு. அவர்களை நான் கேலி செய்யவில்லை. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவனுக்குப் பரீட்சைப் பயம் என்பது சாதாரணப் பயம் இல்லை. அதற்குப் பின்னால் அடகுக்குப் போன நகை இருக்கும், தங்கச்சியின் படிப்பு இருக்கும். ஆனால் நமக்காகப் பட்டினி கிடக்கிறவளிடம் போய், "நானும் பட்டினி கிடக்கிறேன், மார்க் கொடு" என்று பேரம் பேசுவது பொருத்தமாகவா இருக்கிறது? அவள் பேரம் பேசியா விரதம் இருக்கிறாள்?

இதைவிட என்னை உறுத்துகிற விஷயம் இன்னொன்று உண்டு. நம் பரீட்சைக்காக விரதம் இருப்பது பெரும்பாலும் நாம் இல்லை. நம் அம்மாக்கள்!

எங்க அம்மா வருஷா வருஷம் இந்த 28 நாளும் ஒரே ஒரு வேளைதான் சாப்பிடுவாங்க. பங்குனியில் எங்க பக்கம் உளுந்து பறிக்கிற வேலை இருக்கும். வெறும் வயிற்றோடு அதற்கும் போவாங்க. காலையில் எனக்கு டிபன் பாக்ஸில் சாம்பார் சாதம் கட்டிக் கொடுத்துட்டுத்தான் போவாங்க. போன வருஷம் டாக்டர் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, வேளா வேளைக்குச் சாப்பிடணும்னு சொல்லி அனுப்பினார். அப்புறமும் விரதத்தை விடவில்லை. "எதுக்கும்மா இது?" என்று கேட்டேன். "அவளே நமக்காகக் கிடக்கிறா, அவளுக்காக நான் கிடக்கக் கூடாதா?" என்றார்கள்.

பதில் அழகாகத்தான் இருக்கிறது. எனக்குக் கண் கலங்கியதும் உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊருக்காக அம்மன் கிடக்கிறாள். அம்மனுக்காக அம்மா கிடக்கிறாள். அம்மாவுக்காகக் கிடப்பது யார்?

நம் நோன்புகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். மாசியும் பங்குனியும் கூடுகிற நேரத்தில் காரடையான் நோன்பு, கணவனுக்காக மனைவி இருப்பது. ஆடியில் வரலட்சுமி விரதமோ ஆவணியில் வரலட்சுமி விரதமோ, எந்த மாதத்தில் வந்தாலும் குடும்பத்துக்காகப் பெண்கள் இருப்பது. மனைவிக்காகக் கணவன் இருக்கும் நோன்பு எது? எனக்குத் தெரிந்து எங்க ஊரில் ஒன்றுகூட இல்லை. ஆண்கள் விரதமே இருப்பதில்லையா என்றால், இருக்கிறோம். கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் இருக்கிறோம். ஆனால் விடியற்காலையில் எழுந்து, குளித்துவிட்டு, நமக்குத் தனியாகச் சமைத்துக் கொடுப்பது யார்? விரதம் நம்முடையது, வேலை அவர்களுடையது!

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது அம்மா. குழம்பு தீர்ந்துபோனால் வெறும் ரசத்தோடு முடித்துக்கொள்வது அம்மா. ஏற்கெனவே பாதிப் பட்டினியில் இருக்கிறவளுக்கு மேலும் ஒரு பட்டினி எதற்கு? அம்மனை நம் ஜனங்கள் உயரத்தில் வைத்தது, அவள் தாங்குவாள் என்பதற்காக. தாங்க முடிந்தவர் பட்டினியை ஏற்பது தியாகம். தாங்க முடியாதவர் தலையில் அதை ஏற்றி வைத்துவிட்டுப் பக்தி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதனால் என் தாழ்மையான கருத்துகள் சில.

முதலாவது, நம் பாஸுக்காக வேறு யாரும் பட்டினி கிடக்க வேண்டாம் என்று வீட்டில் தைரியமாகச் சொல்வோம். அம்மா கேட்கவில்லையா? "சரி, ஒரு வாரம் நீங்க, மூணு வாரம் நான்" என்று பங்கு பிரித்துக்கொள்வோம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பங்கே வேண்டாம், முழுசாக நாம் எடுத்துக்கொள்வோம். விரத நாட்களில் அடுப்படி வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, விரதம் என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அம்மனே இளநீரும் மோரும் பானகமும் ஏற்கிறாளே! பங்குனி வெயிலில், தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப்பில், லேத் முன்னால் மூன்று மணி நேரம் நிற்கிறோம். ஓடுகிற சக் பக்கத்தில் தலை சுற்றி விழுந்தால் என்ன ஆகும் என்று மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெல்டிங் பூத்தும் அப்படித்தான். பிராக்டிகல் இருக்கிற நாளில் வயிற்றைக் காயப் போடாதீர்கள். முடியாதென்றால் விரதத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் மோர் கையில் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். நாம் விட்டுக்கொடுக்கிற ஒருவேளைச் சாப்பாடு எங்கே போகிறது? பூச்சொரிதல் சமயத்தில் சமயபுரம் போகிற சாலையில் நடந்து பாருங்கள். முன்பின் தெரியாதவனைக் கூப்பிட்டு நீர்மோர் கொடுப்பார்கள், அன்னதானப் பந்தலில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். அவன் யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். நம் வகுப்பிலேயே மத்தியானம் பெல் அடித்ததும் "பசிக்கலடா" என்று லைப்ரரி பக்கம் ஒதுங்குகிற நண்பன் இருக்கிறான். எல்லா நாளும் ஒருவனுக்குப் பசிக்காமல் இருக்குமா? விரதம் இருக்கிற அன்றைக்கும் டிபன் பாக்ஸை வீட்டிலிருந்து எடுத்து வந்து அவன் பக்கம் நகர்த்துங்கள். "நான் இன்னைக்கு விரதம்டா, வீணாப் போயிடும், நீ சாப்பிடு" என்று சொன்னால் போதும். அவன் மானமும் போகாது, உங்கள் விரதமும் கெடாது.

கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பர்களே, உங்களுக்கும் இதில் இடம் உண்டு. இதற்கு மஞ்சள் துணி தேவையில்லை, ஒரு டிபன் பாக்ஸ் போதும்.

காக்கிறவள் பட்டினி கிடந்தாள் என்று நம்புகிற ஊர்ப்பக்கம் படிக்கிறோம். நாளைக்கு நாமும் ஒரு வீட்டைக் காக்கப் போகிறவர்கள், ஒரு ஷாப் ஃப்ளோரில் பத்துப் பேருக்கு மேலே நிற்கப் போகிறவர்கள். அன்றைக்கு முதல் தட்டை யாருக்கு நகர்த்துவோம்? அதை இன்றைக்கே பழகிக்கொள்வோம். பரீட்சையை நன்றாகப் படித்து எழுதுவோம். பட்டினியை, தேவைப்பட்டால், அடுத்தவருக்காக இருப்போம்!