கைதட்டினது காணும்

பழைய மோட்டர், இரும்புக்கடையில எடுத்த புல்லி, பெல்ட், உடைஞ்ச கட்டிலின் சட்டம். இவற்றைப் பொருத்தி ஒரே தண்டில் வட்டவாளும் சீவுளியும் துளைகருவியும் ஓடுகிற மெஷின் ஒன்றை ஓடாவியார் ஒருவர் செய்தால், 'தமிழன்ர மூளை!' எண்டு கைதட்டுறம். உடனே 1990களின் பொருளாதாரத் தடைக் கதை தொடங்கிவிடும்: டைனமோவில் ரேடியோ, மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள், ஜாம் போத்தல் விளக்கு.

எல்லாம் உண்மைதான். ஆனால் அண்டைக்கு வேற வழியிருக்கேல்ல. இண்டைக்குத் தடை இல்லை, காசுதான் இல்லை. இல்லாமையைப் பெருமையாக்கினால், ஆருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடும்.

கணக்கைப் பாருங்கோ. சாதாரண மோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 1,440 தரம் சுற்றும். மோட்டர் பக்கப் புல்லி இரட்டிப்புப் பெரிசெண்டால் வாள் 2,880 தரம் சுற்றும். அந்த வேகத்தில் மரம் வாளை நெரித்தால் பலகை திருப்பி ஆளுக்கே அடிக்கும். வாளுக்குப் பின்னால் வெட்டு மூடாமல் பிடிக்கிற சின்னத் தகடு இதைத் தடுக்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் திரும்பி வரும்போது தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் ஒன்று விரலைக் காப்பாற்றும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: தொழில்நுட்பக் கல்லூரியும் கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடமும் தமிழில் வரைபடத்தோடு பட்டறைகளுக்கு வரட்டும். பிரதேச சபைகள் பொதுப் பட்டறை திறக்கட்டும். ஓடாவியாரிட்ட மூளை இருக்கு. போன விரலைக் கைதட்டல் திருப்பித் தராது.