கட்டிங் மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

உங்க வீட்டுக் கொட்டகையில தாத்தா ஓட்டின அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ தார்ப்பாய் போர்த்தி நிக்குதா? இல்ல, மாமா வச்சிருந்த ஆர்எக்ஸ் 100 மாடிப்படிக்குக் கீழே தூசி படிஞ்சு கிடக்குதா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

செமஸ்டர் லீவு வருது. நாலு யூடியூப் வீடியோ பார்த்தாச்சு. மனசுக்குள்ள ப்ளான் ரெடி: கூரையை வெட்டி ஓப்பன் காரா மாத்திடலாம், புதுசா ஒரு டீசல் எஞ்சின் இறக்கலாம், அகலமான டயர் போட்டு வண்டியைத் தரையோட தரையா இறக்கலாம். வீட்லயும் யாரும் தடுக்கப் போறதில்ல. "சும்மாதானே துருப்பிடிச்சுக் கிடக்கு, ஏதாவது பண்ணித் தொலை" என்பதுதான் பதிலாக இருக்கும்.

நான் மாடிஃபிகேஷனுக்கு எதிரி இல்ல. மெக்கானிக்கல் படிச்சுட்டு வண்டியில கை வைக்காதேன்னு சொன்னா யார் கேட்பாங்க? என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற வேலையைத் தாராளமாகச் செய்யுங்க. முடியாத வேலையைச் செய்யாதீங்க. கோடிங்ல தப்பு பண்ணினா அன்டூ இருக்கு. தகரத்துக்கு அது கிடையாது.

பழைய வண்டி வச்சிருக்கிறவங்ககிட்ட பேசிப் பாருங்க. சீட் கவர் மாத்தினதுக்காகவோ, நல்ல ஹாரன் போட்டதுக்காகவோ வருத்தப்படுகிற ஆளைப் பார்க்கவே முடியாது. வருத்தம் எப்பவும் வேற மாதிரி வரும். "ஒரிஜினல் பம்பரைக் காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டேன்", "டேஷ்போர்டை அறுத்துட்டேன்", "எஞ்சினைக் கழட்டி யாருக்கோ கொடுத்துட்டேன்". எல்லாமே திரும்பி வராத விஷயங்கள்.

ஏன் இப்படி நடக்குது? ஒரு வண்டிக்கு மதிப்பு மிகக் குறைவாக இருக்கிற காலத்தில்தான் நாம அதில் கை வைக்கிறோம். பதினைஞ்சு இருபது வயசுல ஒரு வண்டி புதுசும் இல்ல, பழம்பொருளும் இல்ல; வெறும் பழைய வண்டி. ஆர்எக்ஸ் 100-ஐயே எடுத்துக்கோங்க. 1985-இல் வந்து 1996-இல் நின்று போன 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. நின்றுபோன புதிதில் அதைப் பத்திரப்படுத்தணும்னு யாருக்கும் தோணல. சைலன்சரை வெட்டினாங்க, சேஸிஸை அறுத்து மோனோஷாக் வச்சாங்க, டேங்க்கை மாத்தினாங்க. இன்னைக்கு அதே வண்டிக்கு அதே ஒரிஜினல் சைலன்சரையும் சைடு பேனலையும் தேடிப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குறாங்க. வெட்டினது ஒரு தலைமுறை, தேடுறது இன்னொரு தலைமுறை. சில வண்டிகளில் ரெண்டுமே ஒரே ஆள்தான்!

கூரையை வெட்டினா என்ன ஆகும்?

இதை நம்ம பாடத்தை வச்சே பார்ப்போம். ஒரு காலத்தில் நம்ம சென்னையிலேயே தயாரான கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட்தான் அதுக்கு மூலம். அந்தக் காருக்கு அடியில் தனிச் சேஸிஸ் உண்டு. பாடி பேனல்கள் போல்ட் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். முன்பக்க பானட் மொத்தமும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழும். டிரையம்ஃப் கம்பெனியே இதே சேஸிஸ்ல கூரை இல்லாத கன்வெர்டிபிளும் வித்தது. ஏன்னா பலம் சேஸிஸ்ல இருந்தது. கூரையை நம்பி அந்த வண்டி நிக்கல.

அம்பாசடர் அப்படி இல்ல. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரீஸ் 3-லிருந்து வந்த அதன் உடம்பு மோனோகாக். ஃபியட் 1100-இலிருந்து வந்த பத்மினியும் அதே வகை. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டி. மூடி போட்ட ஷூ டப்பாவை ரெண்டு கையால முறுக்கிப் பாருங்க, அசையாது. மூடியை எடுத்துட்டு முறுக்குங்க, நெளியும். டார்ஷனல் ஸ்டிஃப்னஸ் என்று பரீட்சையில் எழுதுவோமே, அதுதான் இது. கூரையை அறுத்த அம்பாசடர் மெல்ல நடுவில் தொய்யும். முதலில் கதவு சரியா மூடாது. அப்புறம் கண்ணாடி விரிசல் விடும். அப்புறம் ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போதெல்லாம் முனகும். அடியில் ரெண்டு சேனல் வெல்டு வச்சா போதும்னு பட்டறையில் சொல்வாங்க. எங்கே, எவ்வளவு தடிமன், எவ்வளவு லோடுன்னு கணக்குப் போட்டு வைப்பாங்களா? கண்ணளவுதான்.

எஞ்சின் மாத்துறது அடுத்த ஆசை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்னு பத்தாவதிலேயே படிச்சாச்சு. 60 கி.மீ. வேகத்தில் போன வண்டியை 90-க்குக் கொண்டு போனா, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு. அதே பழைய டிரம் பிரேக், அதே லைனிங். சூடு ஏறி பிரேக் மங்கும்போது நமக்குப் பிடித்த பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும். ஹெரால்டில் இன்னொரு சிக்கல். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். வேகமாக வளையும்போது சட்டென ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி தூக்கி அடிக்கும் குணம் அதற்கு உண்டு. 948 சிசி எஞ்சினோடு அடக்க ஒடுக்கமாகப் போன காரில் பெரிய எஞ்சினை வச்சா அந்தக் குணம் இன்னும் மோசமாகத்தான் ஆகும். அகல டயரும் இதே கதைதான். சக்கரம் வெளியே தள்ளினால் பேரிங் மேல் விழும் நெம்புவிசை கூடும். மட்கார்டை வெட்டியது ஒரு இழப்பு, மாசத்துக்கு ஒரு பேரிங் தனிச் செலவு.

"கம்பெனியே அம்பாசடர்ல இசுசு எஞ்சின் வச்சு வித்தாங்களே"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. வச்சாங்க. ஆனா அந்த 1.8 லிட்டர் எஞ்சினோடு 5 கியர் பெட்டியும் சேர்ந்தே வந்தது. மவுண்டிங், கிளட்ச் எல்லாம் அதற்கேற்ப வடிவமைச்சு, சோதிச்சு, அனுமதி வாங்கி வித்தாங்க. நம்ம பட்டறையில் அந்த வேலையின் எந்தப் பாதி நடக்கும்?

பைக்குக்கும் இது பொருந்தும். ஆர்எக்ஸ் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் போர்ட்டை ஃபைல் போட்டு உயர்த்தினா மேல் ஆர்பிஎம்மில் சீறும், உண்மைதான். ஆனா போர்ட் சீக்கிரமே திறப்பதால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போயிடும். சிட்டி டிராஃபிக்கில் அந்த இழுவைதான் வேணும். ஃபைல் தின்ற இரும்பு திரும்ப வராது. சிலிண்டரையே மாத்தணும், ஒரிஜினல் சிலிண்டர் எங்கே கிடைக்கும்?

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்லுது?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியின் அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம். எஞ்சின் மாத்தணும்னா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏத்தணும். 15 வருஷம் கழிச்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. அன்னைக்கு "அண்ணே, இது மாடிஃபிகேஷன்"னு சொல்லிச் சமாளிக்க முடியாது.

இதைவிட முக்கியமானது 2021-இல் வந்த விதி. பதிவாகி 50 வருஷம் தாண்டிய டூவீலர், கார்களை விண்டேஜ் வண்டியாகத் தனியே பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்கு மட்டும். இதில் ஒரு நிபந்தனை இருக்கு. வண்டி அசல் வடிவத்திலேயே இருக்கணும். சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது.

கணக்குப் போடுங்க. 1980-இல் பதிவான ஒரு பத்மினிக்கு 2030-இல் 50 வயசு. இப்போ காலேஜ்ல இருக்கிற நம்மில் பலருக்கு அப்போ முப்பது வயசுகூட ஆகியிருக்காது. இந்த லீவில் ஆசைக்கு வெட்டின ஒரு வெட்டு, முதல் சம்பளம் வாங்கி வண்டியை ஒழுங்காக்க நினைக்கும்போது குறுக்கே வந்து நிற்கும். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்னுபோச்சு. பத்மினி அதுக்கும் முன்னாடியே நின்னுடுச்சு; மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள்கூட 2023-இல் ரோட்டை விட்டுப் போயிடுச்சு. இனி இந்த வண்டிகளின் எண்ணிக்கை ஒரு திசையில்தான் போகும்.

"என் வண்டி, என் காசு"

நியாயமான வாதம். அதுவும் இல்லாம, ஒரிஜினல் ஒரிஜினல்னு உயிரை விடுற சிலரோட தொல்லையும் தாங்க முடியாது. போல்ட் தலையில இருக்கிற முத்திரை சரியில்லன்னு முகம் சுளிக்கிற கூட்டம் அது. அவங்க பக்கம் நான் இல்ல. வண்டி ஓடத்தான் செஞ்சாங்க. கண்ணாடிப் பெட்டியில வைக்க இல்ல.

மாடிஃபை பண்ணின வண்டியே சரித்திரம் ஆனதும் உண்டு. 1962-இல் ஃபெராரி 250 ஜிடிஓ கிடைக்காத இத்தாலியப் பிரபு வோல்பி, தன்கிட்ட இருந்த பழைய 250 ஜிடியை ஜியோட்டோ பிட்சாரினி என்ற எஞ்சினியரிடம் கொடுத்து மாத்தச் சொன்னார். பின்பக்கம் ரொட்டி வேன் மாதிரி இருந்ததால் 'பிரெட்வேன்' என்றே பெயர் வந்தது. லே மான்ஸ் ரேஸில் ஓடியது. இன்னைக்கு அதைப் பழையபடி மாத்துங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா அங்கே மாத்தினது ஜிடிஓவையே உருவாக்கிய குழுவில் இருந்த ஆள். எதற்காக மாத்தறோம் என்பதும் தெளிவு: காற்றுத் தடையைக் குறைக்கணும், ரேஸில் ஜெயிக்கணும். நம்ம கூரை வெட்டுக்கு ரீல்ஸைத் தவிர என்ன காரணம் சொல்லப் போறோம்?

அதனால நடுவில் ஒரு கோடு போடலாம்னு சொல்றேன். உலகப் பழைய வண்டிக் கூட்டமைப்பான ஃபிவா, டூரின் சாசனம்னு ஒண்ணு வச்சிருக்கு. பழைய கட்டடங்களைக் காப்பதற்கான 1964-ஆம் வருஷ வெனிஸ் சாசனம்தான் அதுக்கு முன்மாதிரி. பாதுகாப்புக்காக மாத்த வேண்டி வந்தா, அசல் தோற்றம் கெடாம, திரும்ப எடுத்துடுற மாதிரி மாத்துங்க என்பதுதான் அதன் போக்கு. நம்ம பாஷையில சொன்னா: ஸ்பேனரால முடிகிற வேலை சரி, கட்டிங் மெஷின் வேணும்னா நிறுத்து.

ஸ்பேனர் வேலையிலேயே நிறைய இருக்கு. சீட் பெல்ட் போடுங்க, இது முதல் வேலை. டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் மாட்டலாம். பாயிண்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு நல்ல வயரிங் இழுக்கலாம். சரியான அளவில் ரேடியல் டயர் போடலாம். கலர் மாத்தினாலும் ஆர்.சி.யில் பதிஞ்சுட்டா பிரச்சினை இல்ல. இது எல்லாமே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி ஆக்கக்கூடியவை.

கழட்டுற ஒவ்வொரு பாகத்தையும் கழட்டும் முன் போட்டோ எடுங்க. நட்டு போல்ட்டைக் கவரில் போட்டு மார்க்கரால பேர் எழுதுங்க. ஒரு அட்டைப் பெட்டியில் வச்சு எண்ணெய் தடவி பரண் மேல ஏத்துங்க. அம்மா "இந்தக் குப்பையை எதுக்குடா வச்சிருக்கே"ன்னு கேட்பாங்க. கேட்டா கேட்கட்டும், எடைக்கு மட்டும் போட விடாதீங்க.

இன்னொண்ணு. மாடிஃபை பண்றதைவிட ரெஸ்டோர் பண்றதில்தான் எஞ்சினியரிங் அதிகம்னு நான் நினைக்கிறேன். கிடைக்காத ஒரு புஷ்ஷை அளந்து, வரைந்து, லேத்தில் கடைந்து பொருத்திப் பாருங்க. கரைந்துபோன ரப்பர் பீடிங்கை ஸ்கேன் பண்ணி அச்சு எடுத்துப் பாருங்க. டாலரன்ஸ் என்ற சொல்லுக்கு அன்னைக்குத்தான் அர்த்தம் புரியும். கார்புரேட்டரைக் காதால கேட்டே ட்யூன் பண்ணும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேர்தான் மிச்சம். அவங்களுக்கும் வயசாகிட்டு வருது. லீவில் பத்து நாள் அவங்க பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாலே போதும், எந்த சிலபஸ்லயும் இல்லாத பாடம் கிடைக்கும்.

கொட்டகையில் நிக்கிற வண்டி இவ்வளவு வருஷம் காத்திருந்துச்சு. இந்த லீவில் தார்ப்பாயை எடுங்க, கழுவுங்க, பேட்டரி மாத்துங்க, டேங்க்கைச் சுத்தம் பண்ணி ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க. மூணு மாசம் அப்படியே ஓட்டுங்க. அதுக்கு அப்புறமும் கூரையை வெட்டணும்னு தோணுச்சுன்னா, அப்போ உட்கார்ந்து பேசலாம்.